காட்டுக்குள்ள போனால்தான் கதைப்பினம்

வணக்கம் சார்,

வேலை விஷயமாக ஜூன் மாதம் ஒரு வாரம் ஓஸ்லோவில் இருந்தேன். நீங்கள் முன்பு அந்த ஊரைப் பற்றி எழுதியதைத் தேடிப் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஊர் அழகு, அதில் சந்தேகம் இல்லை. ஓபரா கட்டடத்தின் கூரைமேல் நடந்தேன், படகில் தீவுக்குப் போனேன், இரவு பத்தரை மணிக்கும் வெளிச்சம். ஆனால் ஏழு நாளில் ஒருவர்கூடத் தானாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மெட்ரோவில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே வருகிறார்கள். நிறத்தைப் பார்த்தா என்றுகூட நினைத்தேன்.

இரண்டு கேள்விகள். எண்ணெய்ப் பணமும் குறைந்த மக்கள்தொகையும் இருந்தால் எந்த ஊரும் இப்படிப் பசுமையாகத்தானே இருக்கும், இதில் வியக்க என்ன இருக்கிறது? மனிதர்கள் இப்படி இறுகிக் கிடந்தால் அந்தப் பசுமையால்தான் என்ன பயன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நானும் முதல் மூன்று நாள் உங்களைப் போலத்தான் மனம் சுருங்கி அலைந்தேன்.

நான் தங்கியது ஊரின் கிழக்குப் பக்கம், குரூருட் பள்ளத்தாக்கில், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் வீட்டில். எண்பதுகளின் கடைசியில் போனவர். அந்தக் காலத்தில் நார்வே போன ஈழத்தமிழர் பலரைப் போல அவரும் முதலில் வடகோடியில், ஃபின்மார்க்கில், மீன் ஆலையில் நின்று காட் மீன் வெட்டியவர். குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழாத இடம் அது. அப்புறம்தான் ஓஸ்லோ. மூன்றாம் நாள் இரவு சாப்பிடும்போது, இந்த ஊரில் யாரும் முகம்கொடுத்துப் பேசுவதில்லையே என்று அவரிடம் சொன்னேன். "இவையள் ரோட்டில கதைக்க மாட்டினம் தம்பி. காட்டுக்குள்ள போனால்தான் கதைப்பினம். ஞாயிற்றுக்கிழமை வாங்கோ, காட்டுறன்" என்றார்.

அது செப்டம்பர். மெட்ரோ பிடித்து, வடக்கே பாதை முடியும் சோங்ஸ்வான் ஏரிக்குப் போனோம். நகரத்தின் நடுவிலிருந்து இருபது நிமிடம்கூட ஆகாது. பெட்டி நிறையப் பிரம்புக் கூடைகள், ரப்பர் பூட்ஸ், நாய்கள், தள்ளுவண்டியில் குழந்தைகள், ஆனால் பேச்சு இல்லை. இறங்கி இரண்டு நிமிடம் நடந்தால் ஏரி. அதைச் சுற்றிவரும் பாதை மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், முதல்முறை வருபவர்கள் பெரும்பாலும் அதோடு திரும்பிவிடுவார்கள். நாங்கள் ஏரியை விட்டுவிட்டு மேலே உல்லவோல்சேத்தர் என்ற காட்டுவிடுதிக்குப் போகும் வழியில் ஏறினோம்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். எதிரே வந்த ஒரு வயதான அம்மா என் கண்ணைப் பார்த்து "ஹெய்" என்றார். அடுத்து வந்த இளைஞன் சொன்னான். அதற்கடுத்து வந்த குடும்பத்தில் நான்கு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். ரயிலில் எங்கள் எதிரே உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டு வந்த மனிதர்கூட, ஒரு திருப்பத்தில் எங்களைக் கண்டதும் நின்று, மேலே பாதை சேறாக இருக்கிறது, இடப்பக்கம் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகவே பட்டது. ஊருக்குள் உன்னை உன்பாட்டுக்கு விட்டுவிடுவதுதான் அவர்கள் அறிந்த மரியாதை. காட்டுக்குள் ஒருவரைக் கண்டு பேசாமல் போனால் அதுதான் அவமரியாதை. நிறம் பார்ப்பவர்களே அங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை, அந்த அக்காவிடமே அதற்குக் கதைகள் உண்டு. ஆனால் உங்கள் பக்கத்தில் உட்காராதவர் தன் சொந்த ஊர்க்காரன் பக்கத்திலும் உட்காரமாட்டார், அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலையுதிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் சோங்ஸ்வானில் காளான் பரிசோதனை நடக்கும். காளானியல் படித்துத் தேர்வானவர்கள் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள், காட்டில் பறித்ததைக் கொண்டுபோய்க் காட்டினால் எதைச் சாப்பிடலாம், எது விஷம் என்று பிரித்துத் தருவார்கள். கட்டணம் கிடையாது. அக்காவின் கூடையை ஒரு பெண் வாங்கி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, முகர்ந்து, சிலவற்றைக் கீறிப் பார்த்து, இரண்டை எடுத்து அப்பால் போட்டார். ஏன் என்று நான் கேட்டதும் வெள்ளை விஷக்காளானின் தண்டில் இருக்கும் வளையம், அடியில் பை மாதிரி இருக்கும் உறை, எல்லாவற்றையும் தொட்டுக் காட்டினார். பின்னால் வரிசை நிற்கிறதே என்று எனக்குத்தான் பதற்றம். அவருக்கு இல்லை. அந்தப் பத்து நாளில் ஒரு நார்வேக்காரர் என்னிடம் மிக நீளமாகப் பேசியது அப்போதுதான். (மஞ்சள் நிறக் கந்தரெல் காளான் எந்த இடத்தில் கிடைத்தது என்று மட்டும் யாரிடமும் கேட்கக்கூடாதாம், சொந்தத் தம்பிக்குக்கூடச் சொல்லமாட்டார்களாம்.)

சரி, எண்ணெய்ப் பணத்துக்கு வருவோம்.

ஓஸ்லோவைச் சுற்றியுள்ள காட்டுக்குப் பெயர் மார்க்கா. நார்வே தன் கடலில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலைக் கண்டது 1969ல். அதற்கு 80 வருடம் முன்பே, 1889ல், நகராட்சி ஃபுரோங்னர்சேத்ரன் பக்கத்துக் காட்டை விலைக்கு வாங்கியிருக்கிறது. அப்போது நார்வே ஏழை நாடு, ஆள்கள் கப்பலேறி அமெரிக்கா போய்க்கொண்டிருந்த காலம். மாரிடால் ஏரியைச் சுற்றிய காடுகளைக் குடிநீருக்காகப் பிற்பாடு வாங்கிச் சேர்த்தார்கள். இன்றும் ஓஸ்லோ குடிக்கும் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு அந்த ஏரியிலிருந்துதான் வருகிறது, அதில் யாரும் குளிக்கக்கூடாது. நீங்கள் ஓட்டல் குழாயில் பிடித்துக் குடித்த தண்ணீர் அந்தக் காடு வடித்துக் கொடுத்தது. 1946ல், போர் முடிந்து ஒரே வருடம், மின்கம்பித் தடம் காட்டின் குறுக்கே போகக்கூடாது என்று ஆயிரக்கணக்கானோர் காட்டுக்குள் நடந்துபோய்க் கூடி எதிர்த்தார்கள்.

1957ல் ஒரு சட்டம் வந்தது. பயிரிடாத நிலம் யாருடையதாக இருந்தாலும் அதில் எவரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், வீடுகளுக்கு 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கலாம். அதற்கு முன்பே வழக்கத்தில் இருந்த உரிமைதான், எழுத்தில் கொண்டுவந்தார்கள். மார்க்காவில் பெரும்பகுதி தனியார் சொத்து என்பது நடந்துபோகும் நமக்குத் தெரியவே தெரியாது, வேலி இல்லை, பலகை இல்லை, துரத்த ஆள் இல்லை. 2009ல் மார்க்காவுக்கென்றே தனிச் சட்டம் போட்டு, கட்டடம் இதைத் தாண்டி வரக்கூடாது என்று எல்லைக்கோடு போட்டார்கள். ஓஸ்லோவில் 7 லட்சத்துக்கு மேல் மக்கள், வீட்டு விலை சம்பளக்காரர்களை அழவைக்கிறது, கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் என்ன என்ற பேச்சு எழுந்துகொண்டேதான் இருக்கிறது. அதனால் மக்கள் குறைவு, இடம் நிறைய என்ற கணக்கை நான் ஏற்கவில்லை. அங்கும் இடத்துக்கு அடிதடிதான், ஒவ்வொரு தலைமுறையும் நின்று மறுத்திருக்கிறது.

பணத்துக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. நீங்கள் நடந்த ஓபரா கூரைக்கு முன்னால் ஓடிய நெடுஞ்சாலையைக் கடலடிச் சுரங்கத்துக்குள் இறக்கியது 2010ல், அது பணமில்லாமல் நடக்காது. 2024ல் விற்ற புதுக் கார்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது மின்சாரக் கார்கள், அதற்கான சலுகைகளைத் தாங்கியது செழிப்பான அரசு. தன் தெருவில் எரிக்காத எண்ணெயை வெளியே விற்றுக்கொண்டே இருக்கிறார்கள் என்பது என்னை உறுத்துகிறது, உங்கள் கோபத்தில் அந்தப் பகுதியோடு நான் முழுக்க உடன்படுகிறேன்.

ஆனால் நீங்கள் கேட்காமல் விட்டது கடலைப் பற்றி. படகில் போனபோது ஃபியோர்டு, அதாவது நிலத்துக்குள் நீண்டு நுழைந்திருக்கும் கடல், நீலமாகப் பளபளத்திருக்கும், சோரெங்கா கரையில் பிள்ளைகள் குதித்துக் குளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1970களில் அது சாக்கடை. 1982ல் பெரிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகு தெளிந்தது. கண்ணுக்குத் தெளிந்ததே தவிர உள்ளே நிலைமை மோசம். வயல்களிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வரும் நைட்ரஜன், அளவுமீறிப் பிடித்தது, சூடேறும் நீர், எல்லாம் சேர்ந்து காட் மீன் அநேகமாக இல்லாமல் போய்விட்டது. 2019 முதல் ஓஸ்லோ ஃபியோர்டில் காட் பிடிக்கத் தடை. காட்டுக்காகத் தலைமுறை தலைமுறையாக நின்ற அதே மக்கள், தண்ணீருக்கு அடியில் நடந்ததைப் பல காலம் பார்க்கவில்லை. அங்கே யாருக்கும் நடக்கும் பாதை இல்லையே, அதனால்தான் என்று நினைக்கிறேன்.

கடைசி நாள் மாலை அந்தக் கரையில் அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். அவருடைய பேரனுக்குத் தூண்டில் என்றால் உயிர். தவறி ஒரு காட் மாட்டினாலும் திருப்பி விட்டுவிட வேண்டும் என்று பள்ளியில் படித்துவிட்டு வந்து சொன்னானாம். "நான் ஒரு நாளைக்கு எத்தனை வெட்டியிருப்பன், கணக்கே இல்லை. இஞ்ச இல்லை எண்டுறதை நம்ப ஏலாமல் கிடக்கு" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை வாய்த்தால் செப்டம்பரில் போங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் இருக்கும்படி. பயண நேரம் போதவில்லை என்றால் ஓபராவை விட்டுவிடலாம். கோடைக்காலப் பாதைகளுக்கு மரங்களில் நீல வண்ணம் பூசியிருப்பார்கள், சிவப்பு பனிச்சறுக்குப் பாதை, அதில் கோடையில் போனால் சதுப்பில் கால் புதையும். எதிரே முதல் ஆள் வந்ததும் அவர் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே "ஹெய்" சொல்லுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.