நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

எனக்கு 26 வயது, ஊர் ஈரோடு. தலைப்பிரசவம், இப்போது 36 வாரம். சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை, குழந்தையின் தலையும் கீழேதான் இருக்கிறது. ஆனால் போன வாரம் எடுத்த ஸ்கேனில், குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி ஒரு சுற்று சுற்றியிருப்பதாக எழுதியிருந்தார்கள். அதிலிருந்து அத்தை, ‘எதுக்கு வம்பு, ஆபரேஷனே பண்ணிக்கலாம்’ என்று சொல்லி, ஜோசியரிடம் நாளும் குறித்து வந்துவிட்டார். அன்றைக்கு எனக்கு 37 வாரம்தான் முடிந்திருக்கும். வலியை நினைத்தால் எனக்கும் பயம். உண்மையில் எதில் ஆபத்து குறைவு?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தக் கொடி. பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். தலை வெளியே வந்ததும் விரலால் கொடியைத் தளர்த்தி, தலைக்கு மேலாக எடுத்துவிடுவோம். பெரும்பாலும் சில நொடி வேலை. வலி வந்தபின் குழந்தையின் இதயத்துடிப்பை விடாமல் கவனிக்க வேண்டும், அது எல்லாப் பிரசவத்துக்கும் பொருந்தும். ஸ்கேனில் வந்த இந்த ஒரு வரிக்காக மட்டும் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை.

எனக்குக் கவலை தருவது அந்த 37 வாரக் கணக்குதான். வயிற்றில் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலில் நீர் நிறைந்திருக்கும். பிரசவ வலி தொடங்கும்போதுதான் அது வேகமாக வற்றும். வலியே வராமல், அதுவும் முன்கூட்டியே எடுத்தால், குழந்தை மூச்சுவிடத் திணறலாம். முன்பே சிசேரியன் ஆன தாய்மாருக்கு நாள் குறித்துச் செய்த மறு சிசேரியன்களைப் பற்றி 2009இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. மூச்சுத்திணறல், சர்க்கரை குறைவது, தீவிர சிகிச்சை என ஏதாவது ஒரு சிக்கல், 37 வாரத்தில் எடுத்த குழந்தைகளில் 100க்கு 15 பேருக்கு. 39 வாரத்தில் 8 பேருக்கு. மருத்துவக் காரணம் இல்லாதபோது 39 வாரத்துக்கு முன்னால் எந்த நாளும் நல்ல நாள் இல்லை என்பேன்.

அடுத்து உங்களைப் பற்றி. சுகப்பிரசவத்தில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். தையல் போடும் அளவுக்குக் கிழியலாம், பின்னாளில் இருமினால் சிறுநீர் கசியலாம், கர்ப்பப்பை இறங்கலாம். வலி வந்து பாதியில் அவசரமாகச் செய்யும் ஆபரேஷன், திட்டமிட்டுச் செய்வதைவிட ஆபத்து கூடியது. சிசேரியனில் தொற்று, இரத்தம் உறைவது, குணமாக அதிக நாள் ஆவது எல்லாம் உண்டு. இந்த ஒரு பிரசவத்தை மட்டும் பார்த்தால், உங்களைப்போல ஆரோக்கியமான பெண்ணுக்கு இரண்டுமே பெரும்பாலும் நல்லபடியாகத்தான் முடியும்.

தராசு சாய்வது அடுத்த கர்ப்பத்தில். கர்ப்பப்பையில் ஒரு தழும்பு இருந்தால், அடுத்த முறை நஞ்சுக்கொடி கீழே இறங்கி அந்தத் தழும்பின் மேலேயே வேர்விட்டு, சதைக்குள் ஊடுருவ வாய்ப்புண்டு. அப்படிப் பிடித்த நஞ்சு பிரிந்து வராது. பிரிக்கப் போனால் இரத்தம் கொட்டும், உயிரைக் காக்க கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரும். நஞ்சு அப்படிக் கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மூடியிருக்கும் பெண்களில், ஏற்கெனவே ஒரு சிசேரியன் ஆனவர்களில் 100க்கு 11 பேருக்கும், இரண்டு ஆனவர்களில் 40 பேருக்கும் நஞ்சு சதைக்குள் ஊடுருவியிருந்ததாக 2006இல் ஒரு ஆய்வு காட்டியது. நஞ்சு கீழே இறங்குவது அரிதுதான். ஆனாலும் இரண்டு, மூன்று பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் நாள் குறிப்பது தவறு.

‘எல்லாரும் ஆபரேஷன்தானே’ என்று உங்கள் வீட்டில் சொல்வார்கள். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 100க்கு 45 பிரசவம் சிசேரியன். தனியாரில் 64, அரசு மருத்துவமனையில் 36. இவ்வளவு வித்தியாசத்துக்கு மருத்துவக் காரணம் மட்டுமே இருக்க முடியாது.

உங்கள் வலிபயத்தைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைக்கும் எபிடியூரல் அங்கே இருக்கிறதா, வலி நேரத்தில் அம்மாவோ கணவரோ கூட இருக்க விடுவார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். அதுவரை, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ நேரம் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். இதற்கு அப்புறமும் ஆபரேஷன்தான் வேண்டும் என்று தோன்றினால் அது உங்கள் முடிவு, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 39 வாரம் முடியட்டும். அதற்குப் பிறகு ஒரு நல்ல நேரத்தை அத்தையே பார்த்துத் தரட்டும்.