ஏழு நாள் முகாமுக்கு மகளை அனுப்பலாமா?

விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாமுக்குப் போயே தீருவேன் என்கிறாள், படிப்பு கெடாதா, வெளியூரில் தங்குவது பாதுகாப்பா என்று கேட்டிருக்கிறீர்கள் ஐயா. தயங்காமல் அனுப்புங்கள். ஆனால் சில விஷயங்களை விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

1969-ல், காந்தி நூற்றாண்டையொட்டித் தொடங்கிய திட்டம் இது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி. கூடவே கல்லூரி தத்தெடுத்த கிராமத்தில் ஒரு 7 நாள் முகாம். வாரத்துக்குப் பிரித்தால் மூன்று மணி நேரம்கூட வராது. மதிப்பெண் குறையும் என்ற பயம் வேண்டாம்.

அங்கே போய் அவள் என்ன கற்றுக்கொள்வாள்? டெங்கு விழிப்புணர்வையே எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டுத் தண்ணீர் டிரம்மில் கொசுப்புழு நெளிகிறது, தண்ணீரைக் கொட்டுங்கள் என்று மாணவிகள் சொல்கிறார்கள். “குழாய்ல தண்ணி வந்து நாலு நாளாச்சு. இதையும் கொட்டிட்டா எதுல சமைக்கிறது?” என்கிறார் அந்த வீட்டு அம்மா. அவர் கேட்பது நியாயம்தானே? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்தை ஒட்டி, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையிடும். காய்ந்துபோனாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் தாங்கும். அதனால் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். சரி, இருக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றி, டிரம்மைத் தேய்த்துக் கழுவிவிட்டு, திரும்ப ஊற்றி வாயைத் துணியால் இறுக்கிக் கட்டலாம். அந்த அம்மாவின் சிரமத்தைக் காதுகொடுத்துக் கேட்டவளுக்குத்தான் இந்த வழி தோன்றும். விலங்கியல் படிக்கும் பெண்ணுக்கு இதைவிட நல்ல செய்முறை வகுப்பு கிடையாது.

வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு என்னிடம் பயிற்சி எடுக்க வரும் என்.எஸ்.எஸ். மாணவர்களில் பலர், “மரக்கன்று நட்டோம், பேரணி போனோம்” என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். வெறும் சான்றிதழைக் காட்டி வேலை வாங்க முடியாது. மேலே சொன்ன மாதிரி ஒரு சம்பவத்தை விவரமாகச் சொல்லத் தெரிந்தால், தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார். முகாமில் தினமும் ஒரு பக்கம் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

முகாம் முடிந்த பிறகும் செய்ய வேலை இருக்கிறது. பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்க ஆள் கிடைப்பது பெரும்பாடு. அவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. எழுதுபவர் கேள்வியைத் தெளிவாக வாசித்து, சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். தனக்கு விடை தெரிந்தாலும் திருத்தக் கூடாது. ஒருமுறை எழுதிக் கொடுத்தாலே, தான் படிக்கும் கல்லூரியில் சக்கர நாற்காலி ஏறச் சரிவுப்பாதை இல்லாத கட்டடம்கூட அவள் கண்ணில் படத் தொடங்கிவிடும்.

இனி பாதுகாப்பு. இரவிலும் பெண் பேராசிரியர் உடன் தங்குகிறாரா? கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கிறதா? ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம்? முகாமுக்குப் பொறுப்பான என்.எஸ்.எஸ். திட்ட அலுவலரிடம் நேரடியாகவே கேளுங்கள், அது உங்கள் உரிமை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2015 பாலியல் தொல்லைத் தடுப்பு விதிமுறைப்படி முகாம் நடக்கும் இடமும் கல்லூரி வளாகமாகவே கருதப்படும். பாலியல் தொல்லை என்றால் கல்லூரியின் உள் புகார்க் குழுவிடம் அவள் புகார் தரலாம். குழு உறுப்பினர்களின் எண்களைப் புறப்படும் முன்பே வாங்கிக்கொள்ளட்டும்.

திரும்பி வந்து இந்த வேலை பிடித்திருக்கிறது என்று சொன்னால், பட்டப்படிப்புக்கு அப்புறம் பொதுச் சுகாதாரத்தில் எம்.பி.எச்., சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. இரண்டையும் பரிசீலிக்கலாம். 1952-ல் தொடங்கி, இப்போது சென்னை எழும்பூரில் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் சமூகப்பணிப் படிப்புக்குப் பெயர்பெற்றது. விண்ணப்பிக்கும்போது அந்த முகாம் நோட்டையும் அவள் கையில் கொண்டுபோகட்டும்.