உள்ளங்கை வியர்வைக்கு அறுவை சிகிச்சை தேவையா?

தோல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 23. பள்ளிப் பருவத்திலிருந்தே உள்ளங்கைகளும் பாதங்களும் வியர்த்துக்கொண்டே இருக்கின்றன. டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் ஓ.எம்.ஆர். தாள் நனைந்துவிடாமல் இருக்க, கைக்குட்டையைக் கைக்கு அடியில் வைத்தே வட்டங்களை நிரப்புகிறேன். ரேஷன் கடையில் கைரேகைக் கருவி என் விரலை ஏற்பதில்லை. நெஞ்சில் துளையிட்டு நரம்பைத் துண்டித்தால் ஒரே நாளில் குணமாகிவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். செய்துகொள்ளலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றையேனும் நீங்கள் முயன்றதாகக் கடிதத்தில் குறிப்பிடவில்லை.

இளவயதில் தொடங்கி, இரு கைகளிலும் ஒரே அளவில் வியர்த்து, உறங்கும்போது நின்றுவிடும் வியர்வை, பெரும்பாலும் வேறு எந்த நோயின் அறிகுறியும் அல்ல. உங்கள் வியர்வைச் சுரப்பிகளில் குறையில்லை. அவற்றைத் தூண்டும் பரிவு நரம்புகள் தேவைக்கு மேல் வேலை செய்கின்றன. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இதே தொல்லை இருப்பது சாதாரணம். 'பயந்த சுபாவம்' என்று வீட்டில் சொல்வதைப் பொருட்படுத்தாதீர்கள். பதற்றம் வியர்வையைக் கூட்டும் என்பது உண்மையானாலும், அதற்கு மூலகாரணம் பதற்றம் அல்ல.

முதலில் அலுமினியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் சேர்ந்த பூச்சு மருந்து. சுமார் 20 சதவீதச் செறிவில் கிடைக்கும் இதை, சுரப்பிகள் ஓய்ந்திருக்கும் இரவு நேரத்தில், நன்றாகத் துடைத்து உலர்ந்த கையில் பூசி, காலையில் கழுவிவிட வேண்டும். ஈரத்தோடு பூசினால் அமிலம் உண்டாகி எரிச்சலெடுக்கும். 'மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று பாதியில் விட்டவர்களில் பலர் செய்த பிழை இதுதான். உள்ளங்கைத் தோல் தடிமனானது என்பதால், அக்குளில் கிடைக்கும் அளவுக்கு இங்கே பலன் கிடைப்பதில்லை. ஆயினும் சில வாரங்கள் விடாமல் பூசிப் பார்ப்பதில் தவறில்லை.

உங்களுக்கு நான் முக்கியமாகப் பரிந்துரைப்பது அயன்டோஃபோரசிஸ் என்னும் மின்சார நீர்ச் சிகிச்சையை. இரண்டு தட்டுகளில் தண்ணீர் ஊற்றி, தட்டுக்கு ஒரு கையாக வைத்து, மில்லி ஆம்பியர் அளவிலான மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். சுருக்சுருக்கென்ற உணர்வு இருக்கும்; ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். வாரத்துக்கு மூன்று முறை வீதம் செய்துவந்தால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் கை உலரத் தொடங்கும். பிறகு வாரத்துக்கு ஒருமுறை செய்து அந்த நிலையைக் காத்துக்கொள்ளலாம். இதற்கு ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த தண்ணீரை ஊற்றாதீர்கள். தாது உப்புகள் இல்லாத நீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. குழாய்த் தண்ணீரே நல்லது. மோதிரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். கையில் சிறு கீறல் இருந்தால் அதன் மேல் வாசலின் தடவ வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், மின்சாரம் பாயும் வழியில் உலோகத் தகடு வைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோயாளிகள் ஆகியோருக்கு இது கூடாது. பாதங்களுக்கும் இதே முறைதான்.

கிளைக்கோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகள் உடல் முழுவதும் வியர்வையைக் குறைக்கும். வாய் வறட்சி, மலச்சிக்கல், பார்வை மங்கல், சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியன அவற்றோடு சேர்ந்தே வரும். அக்னி நட்சத்திர வெயிலில் வெளியில் அலைபவர் இவற்றை விழுங்கினால், வியர்த்துக் குளிரும் வழி அடைபட்டு வெப்பத்தாக்குக்கு ஆளாகக்கூடும். ஆகவே மருத்துவர் மேற்பார்வையில், குறைந்த அளவில் மட்டுமே எடுக்கலாம்.

இனி, உங்கள் உறவினர் சொன்ன சிகிச்சை. முழு மயக்கம் கொடுத்து, நெஞ்சின் பக்கவாட்டில் சிறு துளைகள் வழியே கருவியைச் செலுத்தி, முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் பரிவு நரம்புத் தொடரைத் துண்டிக்கிறார்கள் அல்லது கிளிப் போட்டு நெரிக்கிறார்கள். மயக்கம் தெளியும்போதே கை உலர்ந்திருக்கும் என்று அவர் சொன்னதில் மிகையில்லை. ஆனால் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. கையில் நின்ற வியர்வை முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் புதிதாகப் பெருகத் தொடங்குவது இந்தச் சிகிச்சையில் மிகப் பரவலாகக் காணப்படும் பின்விளைவு. பலருக்கு அது பொறுத்துக்கொள்ளும் அளவில் இருக்கும். சிலருக்கோ ஒரு நாளில் பலமுறை சட்டை மாற்றும் அளவுக்குப் போய், கையே வியர்த்திருக்கலாமே என்று வருந்த வைக்கும். யாருக்கு எந்த அளவில் வரும் என்று முன்கூட்டிக் கணிக்க இயலாது. துண்டித்த நரம்பைப் பழையபடி ஆக்கவும் வழியில்லை. கிளிப்பை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. அரிதாக, கண் இமை தாழ்வதும் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வதும் உண்டு. பாத வியர்வை இதனால் தீரும் என்று நம்பவும் முடியாது. வெப்பமும் புழுக்கமும் நிறைந்த நம் ஊரில் வாழும் 23 வயது இளைஞர் எடுத்த எடுப்பில் இதைத் தேர்ந்தெடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மற்ற வழிகளையெல்லாம் முறையாக முயன்றும் பலனில்லை என்றால் அப்போது பேசலாம்.

கேள்வி: அலுவலகத்தில் மதியத்துக்குள் ரவிக்கையின் அக்குள் பகுதி முழுவதும் நனைந்துவிடுகிறது. வாசனை ஸ்பிரே பயனளிக்கவில்லை. போடாக்ஸ் ஊசி போடலாமா? (வாசகி, மதுரை)

பதில்: வாசனை ஸ்பிரே நாற்றத்தை மறைக்குமே தவிர வியர்வையை நிறுத்தாது. மேலே சொன்ன அலுமினியம் குளோரைடு பூச்சு அக்குளில் நன்றாக வேலை செய்யும் என்பதால் அதிலிருந்து தொடங்குங்கள். அக்குள் மழித்த அன்று பூச வேண்டாம். அலுமினியத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு நிரூபிக்கப்பட்ட ஆதாரம் கிடையாது.

அது போதவில்லை என்றால், சுரப்பிகளுக்குப் போகும் நரம்புத் தூண்டலைத் தற்காலிகமாகத் தடுக்கும் போடாக்ஸ் ஊசி நல்ல வழிதான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அக்குள் வியர்வைக்கு இதை 2004-இலேயே அனுமதித்துவிட்டது. முதலில் அயோடின் தடவி உலரவிட்டு, அதன் மேல் மாவுச்சத்துப் பொடியைத் தூவுவார்கள். வியர்க்கும் இடம் கருநீலமாக மாறும். அந்த எல்லைக்குள், அக்குளுக்கு 50 யூனிட் வீதம், சிறு இடைவெளி விட்டுப் பல இடங்களில் தோலுக்குள் செலுத்துவார்கள். பலன் பொதுவாக ஆறு மாதம் அல்லது அதற்குச் சற்று மேல் நீடிக்கும்; பிறகு மீண்டும் போட வேண்டும். செலவு கணிசமானது, திரும்பத் திரும்ப வரக்கூடியது என்பதையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறார். ஒரு மாதமாக இரவில் படுக்கை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. எந்த மருந்தைப் பூசலாம்? (வாசகர், சேலம்)

பதில்: எதையும் பூச வேண்டாம். இது தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டிய வியர்வை அல்ல. பொது மருத்துவரிடம் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். இன்சுலின் அளவு கூடி, நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்துபோவதுதான் முதல் சந்தேகம். வியர்க்கும் நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் பார்த்து, அளவு 70-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சர்க்கரை சரியாக இருந்தும் வியர்க்கிறது என்றால் காசநோய், தைராய்டு மிகைப்பு, நிணநீர்க் கட்டிகள் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் தேவைப்படும். எடை குறைந்திருக்கிறதா, மாலைக் காய்ச்சலோ இருமலோ உண்டா என்பதையும் புதிதாகத் தொடங்கிய மாத்திரைகளின் பெயர்களையும் குறித்து எடுத்துச் செல்லுங்கள். வியர்வையோடு நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.