செலெஸ்டியாவில் கலக்ஸியின் வெளிச்சமும் சாய்வும்: கேள்வி பதில்

திருகோணமலைப் பிள்ளைகள் சிலர் விண்வெளியைக் கணினியில் சுற்றிக் காட்டும் செலெஸ்டியா மென்பொருளுக்குத் தாங்களே கலக்ஸிக் (நட்சத்திரப் பெருங்கூட்டம்) கோப்பு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள் என்று கேட்க அவ்வளவு சந்தோசம். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி: ஆந்திரோமீடா கலக்ஸிக்குக் கிட்டப் போனாலும் படத்தில் பார்த்த பிரகாசம் இல்லை. கணினியில் கோளாறா?

கோளாறில்லை, தம்பி. தூரம் பாதியானால் வந்து சேரும் ஒளி நான்கு மடங்காகும். ஆனால் கலக்ஸி வானில் பிடிக்கும் இடமும் நான்கு மடங்காகிவிடும். அதனால் ஒவ்வொரு துண்டின் வெளிச்சமும் பழையபடிதான் இருக்கும். பால்வீதிக்கு உள்ளேயே இருக்கிறோம், இதைவிடக் கிட்ட எப்படிப் போவது? அப்படியிருந்தும் தெருவிளக்கடியில் நின்றால் அது தெரிவதில்லையே. நீங்கள் பார்த்த படங்கள் கமராவை நீண்டநேரம் திறந்து வைத்து எடுத்தவை.

வெளிச்சத்தைக் கூட்ட, மூடும் வளைந்த அடைப்புக்குறி விசையை அழுத்துங்கள். குறைக்க, திறக்கும் அடைப்புக்குறி. இது கலக்ஸிகளை மட்டும் மாற்றும். பலர் சதுர அடைப்புக்குறியை அழுத்திவிட்டு, நட்சத்திரங்கள் பெருகிவிட்டன என்று முறையிடுகிறார்கள்.

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: எவ்வளவு கூட்டினால் சரி?

உங்கள் கடற்கரையே அளவுகோல். மே மாதம், நிலவில்லாத இரவு, பத்து மணிக்கு மேல் கடலைப் பார்த்து இருங்கள். தென்கிழக்கில் தனுசுப் பக்கம் பால்வீதி மேலே வரும். முதலில் மெல்லிய முகில் என்றுதான் நினைப்பீர்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் விடுங்கள், நடுவில் கறுப்புப் பிளவு தெரியத் தொடங்கும். வீட்டுக்கு வந்து அறை விளக்கை அணைத்து, திரையிலும் அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். வகுப்பில் காட்டுவதற்கென்றால் தாராளமாகக் கூட்டலாம், ஆனால் கூட்டியிருப்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

மூதூரிலிருந்து ஒரு ஆசிரியர்: நான் சேர்த்த ஆந்திரோமீடா வேறு பக்கம் சாய்ந்து கிடக்கிறது.

சேர், எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. கோப்பில் ஆக்சிஸ் என்ற மூன்று எண்கள் எந்த அச்சைச் சுற்றித் திருப்புவது என்று சொல்லும். எத்தனை பாகை என்பதை ஆங்கிள் சொல்லும். அந்த அச்சு, பூமி சூரியனைச் சுற்றும் தளத்தை வைத்து அளப்பது. வான்வரைபடத்தில் உள்ள கோணமோ பூமியின் நடுக்கோட்டை வைத்தது. இரண்டுக்கும் இடையில் 23.4 பாகை சாய்வு இருப்பதால் அப்படியே எடுத்துப் போட்டால் பிழைக்கும்.

சரிபார்க்கும்போது கலக்ஸிக்குப் பக்கத்தில் போய் நிற்காதீர்கள். பூமியில் நின்று பார்த்து, நீளவாட்டை ஒரு நல்ல புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். நீளவாட்டு பொருந்தியதும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். ஒரே நீள்வட்டம் இரண்டு விதச் சாய்வில் வரும், எந்த விளிம்பு எங்களுக்குக் கிட்ட என்பதுதான் வித்தியாசம். ஆந்திரோமீடாவில் வடமேற்கு விளிம்பே கிட்ட இருக்கிறது, தூசிப் பட்டைகள் அங்கேதான் எடுப்பாகத் தெரியும். பூமியை விட்டு வெளியே பறந்து பார்க்கும்போதுதான் இந்தப் பிழை பிடிபடும்.

கிண்ணியாவிலிருந்து ஒருவர்: நான் சேர்த்த ஆந்திரோமீடா பெருங்கரடிப் பக்கம் போய் நிற்கிறது!

வானில் கிழக்கு மேற்காக இடத்தைச் சொல்லும் ஆர்.ஏ.யில் 10.68 என்று போட்டிருப்பீர்கள். அது பாகைக் கணக்கு. அங்கே மணிக்கணக்கில் கொடுக்க வேண்டும், பதினைந்தால் வகுத்து 0.712 என்று போடுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு மாணவர்: கோப்பைத் திருத்தினேன், ஒன்றும் மாறவில்லை.

செலெஸ்டியாவை மூடித் திறந்தீர்களா? தொடங்கும்போது மட்டுமே அது கோப்பை வாசிக்கும். அதற்கும் சரிவராவிட்டால் யூ விசையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், கலக்ஸிகளையே மறைத்து வைத்திருப்பீர்கள்.