‘பவர் சேவர்’ பெட்டி வாங்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் வாடகைக் கட்டிடத்தின் முதல் மாடியில் எங்கள் ஆடிட்டர் அலுவலகம் இருக்கிறது. 25 பேர், ஐந்து ஏசி. ஆபீஸைப் ‘பசுமை’யாக மாற்றும் பொறுப்பை முதலாளி என் தலையில் கட்டிவிட்டார். மெயின் போர்டு பக்கத்தில் ஒரு பெட்டியை மாட்டினால் கரண்ட் பில் 30 சதவீதம் குறையும், ‘பசுமை அலுவலகம்’ என்று சான்றிதழும் தருவோம் என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் இரண்டு எல்இடி விளக்கும்தான். ஒயரில் ஓடும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி, பெட்டியைப் போட்டதும் ஆம்பியர் இறங்குவதைக் காட்டுவார். அது நிஜமாகவே இறங்கும், அதில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். ஈபி உங்களிடம் காசு வாங்குவது ஆம்பியருக்கு அல்ல, யூனிட்டுக்கு. அதைக் குறைத்துக் காட்டச் சொல்லுங்கள், ஆள் கிளம்பிவிடுவார்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லித்தான் இவர்கள் வாயடைப்பார்கள். உயர் மின்னழுத்த இணைப்பு வைத்திருக்கும் மில், மருத்துவமனை போன்ற இடங்களில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதம்) 0.90-க்குக் கீழே போனால் பில்லில் அபராதம் ஏறும். அங்கே கெப்பாசிட்டர் பேனல் அவசியம். ஆனால் லோடைப் பார்த்துக் கணக்குப் போட்டு அதை அமைப்பது எலக்ட்ரிக்கல் இன்ஜினியரின் வேலை. பையிலிருந்து எடுத்து மாட்டுகிற சமாச்சாரம் இல்லை. அப்போதும் மிச்சமாவது பெரும்பாலும் அபராதம்தான், யூனிட் அல்ல. உங்கள் பில்லில் அப்படி ஓர் அபராதம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும். மின்சாரச் சிக்கனத்தைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான பி.இ.இ. அலுவலகக் கட்டிடத்துக்கு நட்சத்திரம் கொடுக்க, ஒரு சதுர மீட்டருக்கு வருடத்தில் எத்தனை யூனிட் செலவாகிறது என்று பார்க்கிறது. பெட்டி மாட்டியிருக்கிறீர்களா என்று கேட்பதில்லை. நட்சத்திர ஸ்டிக்கர் இல்லாமல் புது ஏசியைக் கடையில் விற்க முடியாது. இந்தப் பெட்டிகளோ ஆன்லைனில் பட்டப்பகலில் விற்கின்றன. எத்தனை வருடமாக! கேட்பாரில்லை.

சரி, அந்தக் காசை என்ன செய்வது? முதல் வேலைக்குக் காசே வேண்டாம். ஏசி ரிமோட்டை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படிதான் வருகின்றன, நாம்தான் 18-க்கு இறக்குகிறோம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது பி.இ.இ. கணக்கு. 26-ல் வைத்து மேலே மின்விசிறியை ஓடவிட்டால் யாருக்கும் வியர்க்காது. ஃபில்டரை மாதம் ஒருமுறை தண்ணீரில் அலசுங்கள், அதற்குக்கூட வருடாந்திர ஒப்பந்தம் என்று ஒருவர் வருவார்.

காசு செலவழித்தே ஆகவேண்டுமென்றால் மின்விசிறிகளை மாற்றுங்கள். பழையது 75 வாட் இழுக்கும், பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட பிஎல்டிசி வகை சுமார் 30 வாட். வாடகைக் கட்டிடம் என்பதால் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.

அப்புறம், மாலையில் பூட்டும்போது ஈபி மீட்டர் ரீடிங்கைக் குறித்துவைத்து, மறுநாள் காலையில் திறந்ததும் பாருங்கள். ஆளில்லாத நேரத்தில் ஓடிய யூனிட் எங்கே போனது என்று தேட ஆரம்பித்தால், அடுத்து எதை அணைப்பது என்று தெரிந்துவிடும்.