ஒரே தொடர் கொலை நாவலைச் சிலர் கொண்டாடுவதும் சிலர் பாதியில் மூடிவைப்பதும் ஏன்?

ஒரு தொடர் கொலை நாவலை வாங்கலாமா என்று வாசகர் கருத்துகளைப் பார்த்திருக்கிறீர்கள். ஒருவர் ‘விடிய விடியப் படித்தேன்’ என்கிறார். அடுத்தவர் ‘நூறு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை, குமட்டியது’ என்கிறார். மூன்றாமவர் ‘கொலைகாரன் யாரென்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள், ஏமாற்றம்’ என்கிறார். இதில் யாரை நம்புவது என்பது உங்கள் கேள்வி. என்னைக் கேட்டால் மூவரையும் நம்புங்கள் என்பேன். மூவரும் அந்தக் கதைக்குள் வேறு வேறு ஆள்களுக்குப் பக்கத்தில் நின்று படித்திருக்கிறார்கள்.

இதை நான் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் நானூறு பக்க நாவல் ஒன்றை ஒரே இரவில் முடித்துவிட்டு, அந்தச் சூட்டோடு நான்கு பேரிடம் அடுத்தடுத்துக் கொடுத்தேன். பெயர் வேண்டாம், அமைப்பைச் சொன்னால் போதும். ஒரு அத்தியாயம் விசாரணை செய்யும் பெண் அதிகாரியின் பார்வையில் போகும், அடுத்தது கொலைகாரனின் பார்வையில். மூன்றாவது அத்தியாயத்திலேயே அவன் யாரென்று நமக்குத் தெரிந்துவிடும், அவளுக்குத் தெரியாது. அவன் அவள் எதிரில் உட்கார்ந்து சாட்சி சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவான். அந்தக் காட்சியில் நான் மூச்சு விட மறந்தேன்.

முதலில் வாங்கிப் போன அலுவலக நண்பருக்கு அதே காட்சி வெறும் எரிச்சலைத் தந்தது. அவர் துப்பறியும் கதைகளில் ஊறியவர். பாத்திரங்களின் பெயர்களைத் தனித் தாளில் எழுதி, சந்தேகப் புள்ளி வைத்துக்கொண்டே படிப்பவர். ‘யாரென்று சொல்லிவிட்ட பிறகு இன்னும் முந்நூற்றைம்பது பக்கம் எதற்கு?’ என்று கேட்டார். அவர் புதிரை அவிழ்க்கப் போனார், நாவலோ அவரைத் தவிக்கவிட நினைத்தது. இரண்டும் வேறு. திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவோடு பேசியபோது இதற்குச் சொன்ன உதாரணத்தை விடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், மேசைக்கடியில் இருக்கும் குண்டு திடீரென்று வெடிக்கிறது என்றால், நமக்குக் கிடைப்பது பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் அது ஒரு மணிக்கு வெடிக்கும் என்பதும் நமக்கு முன்பே தெரிந்து, கடிகாரம் பன்னிரண்டே முக்கால் காட்டினால், அதே வெட்டிப் பேச்சு பதினைந்து நிமிடத் தவிப்பாகிவிடுகிறது. என் நண்பருக்குக் குண்டைப் பார்ப்பதில் விருப்பம் இல்லை. அதை வைத்தவன் யாரென்று கண்டுபிடிப்பதில்தான் அவருக்கு இன்பம். அந்த நாவல் அவருக்கு உரியதல்ல என்பதைத் தவிர அவர் கருத்தில் குறை காண ஒன்றுமில்லை.

இரண்டாவதாகப் படித்த தோழி செவிலியர். காயங்களின் வருணனை அவரை அசைக்கவே இல்லை. ஆனால் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘அந்த மூன்றாவது பெண்ணின் அம்மா ஒரு பக்கத்தில் வந்து உடலை அடையாளம் காட்டிவிட்டுப் போகிறாரே, அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார்?’ நான் அந்த அம்மாவைச் சுத்தமாக மறந்துவிட்டிருந்தேன். நாவலும் மறந்துவிட்டிருந்தது. இப்படிப்பட்ட அம்மாக்களை வாரத்துக்கு ஒருமுறையாவது எதிரில் பார்க்கும் ஒருவருக்கு, கதையின் பெரிய ஓட்டை அங்கேதான் தெரிகிறது.

அடுத்தது என் அக்கா. எட்டாவது அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டாள். தனியாக வாழும் ஒரு பெண்ணை அவன் ஜன்னல் வழியாகப் பார்த்து, விளக்கை எப்போது அணைக்கிறாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள் என்று குறித்துக்கொள்ளும் அத்தியாயம் அது. ‘பயமாக இருந்ததா?’ என்று கேட்டேன். அவள் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. ‘பயம் இல்லை. அவன் அவளைப் பார்க்கிற மாதிரியே நானும் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு அந்த இடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை.’ அவள் மூன்று ஆண்டுகள் தனியாக வசித்தவள். அந்த ஜன்னலின் உட்புறம் அவளுக்குத் தெரியும்.

அன்றிரவு அந்த அத்தியாயத்தை மறுபடி எடுத்து மெதுவாகப் படித்தேன். பதினான்கு பக்கம். அதில் அந்தப் பெண் நடக்கிறாள், குனிகிறாள், தலை துவட்டுகிறாள். ஓர் இடத்தில்கூட எதையும் நினைக்கவில்லை, எதையும் விரும்பவில்லை, யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை. கொலைகாரனின் பார்வைதானே, அவனுக்கு அவள் மனம் எப்படித் தெரியும் என்று ஆசிரியருக்காக நானே வாதாடிப் பார்த்தேன். ஆனால் மாறி மாறி வரும் அத்தியாயங்களில் ஒன்றையாவது அவளுக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நான் முதல் வாசிப்பில் உணர்ந்த விறுவிறுப்பில் ஒரு பகுதி, அவளை ஆளாகப் பார்க்காததால் கிடைத்தது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்த நாவலை நான் இப்போதும் மதிக்கிறேன்.

அதனால்தான் ‘மென்மையான மனம் கொண்டவர்கள் தவிர்க்கவும்’ என்ற வாசகத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. படித்து முடித்தவர் வீரர், மூடிவைத்தவர் கோழை என்று அது பிரித்துவிடுகிறது. என் அக்கா அந்த நாவலை என்னைவிடக் கூர்மையாகப் படித்தவள், எட்டே அத்தியாயத்தில்.

நான்காமவர் எதிர்வீட்டுப் பெரியவர். எந்த நாவலானாலும் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுவார். அவருக்குப் புத்தகம் மிகவும் பிடித்திருந்தது. இது விசித்திரம் என்று நினைத்திருந்தேன். 2011-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டென்ஃபெல்ட் என்ற இரு உளவியலாளர்கள் பன்னிரண்டு சிறுகதைகளை வைத்துச் சோதித்தபோது, முடிவு முன்கூட்டியே தெரிந்தவர்கள் பெரும்பாலும் கதையைக் கூடுதலாகவே ரசித்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் இதற்கு மாறான முடிவும் உண்டு. சிறுகதைக்குக் கிடைத்த முடிவு நானூறு பக்க நாவலுக்கும் பொருந்துமா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. ஆனாலும் பெரியவர் சொன்ன காரணம் எனக்குப் புரிந்தது: ‘அந்த அதிகாரி பிழைத்துக்கொள்வாள் என்று தெரிந்தால்தான் என்னால் அவளோடு நிம்மதியாக நடக்க முடியும்.’

முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் அருகருகே வருவதற்கு அதுவே பெரிய காரணம். டால்ஃப் ஜில்மன் என்ற உளவியலாளரின் கருத்துப்படி, படபடப்பு சட்டென்று அடங்குவதில்லை. எஞ்சியிருக்கும் கொதிப்பு அடுத்து வரும் உணர்ச்சியோடு சேர்ந்துகொள்கிறது. முடிவு நிறைவாக இருந்தால் நிம்மதி இரட்டிப்பாகிறது. முடிவு கைவிட்டால் அதே கொதிப்பு ஆத்திரமாகிறது. நான் சொல்லும் நாவலில் கொலைகாரன் பிடிபடுவது ஒரு வாகன விபத்தால், அதிகாரியின் திறமையால் அல்ல. எனக்கு அது உண்மைக்கு நெருக்கமாகப் பட்டது. அலுவலக நண்பர் புத்தகத்தை மேசையில் வீசினார். சுமாராக எழுதிய நாவலுக்கு யாரும் இவ்வளவு கோபப்பட மாட்டார்கள்.

ஆகவே கருத்துகளைப் படிக்கும்போது நட்சத்திரங்களை விட்டுவிட்டு, எழுதியவர் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று பாருங்கள். கொலைகாரனின் மூளையைப் பற்றியே வியந்து எழுதினால் அவர் அவனோடு நடந்திருக்கிறார். தடயம், திருப்பம் என்று எழுதினால் அதிகாரியோடு. இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லி எழுதுகிறவர்கள் குறைவு. அப்படி ஒருவர் எழுதியிருந்தால் அவர் கருத்தை இரண்டு முறை படியுங்கள். பிறகு நீங்கள் யாரோடு நடக்க விரும்புகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த வகையே வேண்டாம் என்று முடிவுசெய்வதற்கு முன் ஒரு பழைய நாவலை முயன்று பார்க்கலாம். 1888-இல் லண்டனில் ‘ஜாக் த ரிப்பர்’ என்று அழைக்கப்பட்ட, கடைசிவரை பிடிபடாத ஒருவன் செய்த கொலைகளின் நிழலில் மேரி பெல்லக் லவுண்டஸ் எழுதி 1913-இல் வெளிவந்த ‘தி லாட்ஜர்’. வறுமையின் விளிம்பில் இருக்கும் ஒரு பெண், வாடகைக்கு அறை எடுத்தவன்தான் கொலைகாரனோ என்று சந்தேகிக்கிறாள். அவன் தரும் பணம் நின்றால் வீடே பட்டினி, அதனால் வாய் திறக்காமல் இருக்கிறாள். கொலை எதுவும் நம் கண்முன் நடப்பதில்லை. மாடிப்படியில் கேட்கும் காலடிச் சத்தம்தான் எல்லாம். கூடவே நாமும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்ற கூச்சம்.

அக்காவுக்கு நான் அடுத்துக் கொடுத்தது நாவல் அல்ல. அதே 1888 கொலைகளில் இறந்த ஐந்து பெண்களின் வாழ்க்கையை மட்டும் தேடி எழுதிய ஹாலி ரூபன்ஹோல்டின் ‘தி ஃபைவ்’, 2019-இல் வந்த நூல். அவர்கள் எங்கே பிறந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், யாரை மணந்தார்கள், எப்படி வீடிழந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கொலை நடந்த விதம் மட்டும் இல்லை. அக்கா இரண்டு நாளில் முடித்துவிட்டாள். பிறகு என்னிடம் வந்து, எட்டாவது அத்தியாயத்தில் நிறுத்திய அந்த நாவலைக் கேட்டாள். அந்த ஜன்னல் பெண்ணுக்குப் பெயர் வைத்திருந்தார்களா என்று பார்க்க வேண்டுமாம். தேடிப் பார்த்தோம். இருபத்தொன்றாவது அத்தியாயத்தில், ஒரு விசாரணை அறிக்கையில், ஒரே ஒரு முறை வருகிறது.