நம்பர் ப்ளேட்டை ஏன் வெட்டுனீங்க?

கேள்வி: எங்க தாத்தா தோல் வேலைக்கு திருநெல்வேலியில இருந்து தாராவிக்கு வந்தவர். நான் பொறந்து வளர்ந்தது எல்லாம் இங்கதான். ஃபேஸ்புக்ல ‘நெல்லைச் சீமையான்’னு ஐடி வச்சு ஊர்ப்பாசமா எழுதுவேன், லைக் அள்ளும். இந்தப் பொங்கலுக்குப் போட்ட போட்டோ மூலையில ஒரு ஸ்கூட்டர், மகாராஷ்டிரா எம்.ஹெச். நம்பர் ப்ளேட்டோட தெரிஞ்சுடுச்சு. கிராப் பண்ணி மறுபடி போட்டும் பலனில்ல, குரூப்ல ‘டூப்ளிகேட் நெல்லை’ன்னு ஓட்டித் தள்ளிட்டாங்க, அட்மின் என்னைத் தூக்கிட்டார். நான் எந்த ஊர்க்காரன் சார்?
(பேர் வேண்டாம்னு கேட்டிருக்கார், ஏரியா மும்பை சயான்)

பதில்: ஊருக்குப் போனா ‘பம்பாய்க்காரன் வந்திருக்கான்’ம்பாங்க, இங்க ‘மதராசி’ம்பாங்க. இது உங்களுக்கே தெரியும், அதனால அந்தக் கேள்வியை விட்டுடுவோம். எனக்கு உறுத்துறது நீங்க போட்டோவை கிராப் பண்ணீங்களே, அதுதான்.

தாராவி 90 அடி ரோட்டுல பொங்கல் அன்னிக்கு என்ன நடக்கும்? ரோட்டு ஓரத்துல வரிசையா அடுப்பு, புகையில கண்ணு எரியும், இந்தப் பக்கம் பானை பொங்குனா குலவை, அந்தப் பக்கம் வழி விடச் சொல்லி டெம்போக்காரன் ஹாரன், அவனையும் நிறுத்தி ஒரு கரண்டி கையில குடுத்து அனுப்புவாங்க. இதை எழுத உங்களை விட்டா யாரு இருக்கா? நீங்க என்னடான்னா ஸ்கூட்டரை வெட்டிட்டு தாமிரபரணிக் கரையைப் பத்தி எழுதுறீங்க. மே மாச லீவுல பதினஞ்சு நாள் பார்த்த கரை.

1966ல சிவசேனா கிளம்பி ‘மதராசி’ங்களை விரட்டணும்னு கத்துன காலத்துல லோக்கல் ட்ரெயின்ல தமிழ் பேசவே குரலைத் தாழ்த்துன ஆளுங்க எங்க வீட்டுலயே உண்டு. அவங்க தமிழை மறைச்சாங்க, அடி விழும்னு. நீங்க பம்பாயை மறைக்கிறீங்க, லைக் விழாதுன்னு. கோவிச்சுக்காதீங்க, எனக்கு அப்படித்தான் தோணுது.

உங்க மேல மட்டும் தப்பு சொல்ல முடியாதுதான். ஃபேஸ்புக்ல அந்த லைக் பட்டன் 2009ல வந்துச்சு, நாம போடுற பத்துல எதுக்கு ரியாக்‌ஷன் அதிகமோ அதை அவன் இன்னும் நாலு பேருக்குக் காட்டுவான், அதைப் பார்த்து நம்ம கையும் தானா அடுத்த தடவை அதையே டைப் பண்ணும். அல்வா, ‘ஏலே’, ஆத்துக்குளியல்னா ஓடுது, ‘அரே அம்மா, பாணி (தண்ணி) வந்துச்சா’ன்னு உங்க வீட்டுல பேசுற தமிழ் ஓடல, கடைக்காரன் ஓடாத சரக்கைப் பின்னாடி தள்ளுற மாதிரி நீங்களும் தள்ளிட்டீங்க. கொஞ்ச நாள்ல சீமையான் மட்டும் மிச்சம்.

(ஃபேஸ்புக் மாதிரியே ஆர்குட்னு ஒண்ணு இருந்துச்சே, 2004ல வந்து 2014ல மூடிட்டாங்க. அதுல எனக்கும் ஒரு பேர் இருந்துச்சு, அதை இப்ப சொன்னா இந்தப் பக்கத்தை யாரும் மதிச்சுப் படிக்க மாட்டீங்க. அது போன அன்னிக்கு வழக்கம் போல மாட்டுங்கா மார்க்கெட்டுல கறிவேப்பிலைக்கு பேரம் பேசிட்டுத்தான் இருந்தேன்.)

அந்த குரூப்புக்கு வருவோம். உங்களை டூப்ளிகேட்னு சொன்னவங்கள்ல எத்தனை பேரு பாளையங்கோட்டையில உக்காந்து டைப் பண்றாங்க? துபாய்ல ஒருத்தர், வேளச்சேரியில ஒருத்தர்னு இருப்பாங்க, அவங்க போட்டோவுல ஸ்கூட்டர் நிக்கல, அவ்வளவுதான் வித்தியாசம். அட்மின்கிட்ட போயி திரும்பச் சேர்த்துக்கோங்கன்னு கெஞ்சாதீங்க. ஐடியை மாத்துறதும் வச்சுக்கிறதும் உங்க இஷ்டம், பட்டப்பேர் வச்சு எழுதுறது நம்மாளுங்களுக்குப் புதுசும் இல்ல.

வெட்டாத அந்த ஒரிஜினல் போட்டோ போன்ல இன்னும் இருக்கும்ல? அதை அனுப்புங்க, கூடவே அன்னிக்கு நடந்ததை உங்க வீட்டுத் தமிழ்லயே ஒரு பக்கம் எழுதுங்க, அடுத்த இதழ்ல இடம் தர்றேன். ஸ்கூட்டர் யாருதுன்னும் மறக்காம எழுதுங்க.